பூ வாடுமுன் விற்கலாம், பொய் சொல்லாமல்!

காலையில் பூத்தது மாலையில் வாடிவிடும். அப்படிப்பட்ட பொருளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க நேரமேது, சகோதரிகளே?

நெதர்லாந்து விவசாயிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1887இல் பூக்கோவா விற்பனையில் தொடங்கிய ஏல முறை அது. நமது ஏலத்தில் விலை ஏறும், அங்கே இறங்கும். கடிகார முகப்பில் விலை குறைந்துகொண்டே வர, முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே பொருள். விற்பனை நொடிகளில் முடிந்துவிடும். அல்ஸ்மீர் பூச்சந்தையில் இன்று பலர் நேரில் வராமல், கணினித் திரையைப் பார்த்தே வாங்குகின்றனர்.

தொட்டுப் பார்க்காமல் எதை நம்பி வாங்குவது? தண்டின் நீளம், எண்ணிக்கை, தரம் என்று திரையில் வரும் விவரத்தை நம்பித்தான். அது பொய்யானால் சந்தையே சரிந்துவிடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் நனைந்தன. மழை பெய்ததாக வியாபாரி கூறினார். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, மோசடியைக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது.

வீட்டில் செய்த வட்டிலப்பத்தையும் கேக்கையும் கையடக்கத் தொலைபேசி வழியே விற்கிறீர்களா? படத்தோடு, செய்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். எஞ்சியதை நேற்றையது என்றே சொல்லி விலையைக் குறையுங்கள். வாங்குபவரின் விரல் உங்கள் பாத்திரத்துக்குள் வராது. ஆனால் உள்ளே இருப்பதை அல்லாஹ் அறிவான்.