இரு கரை வெள்ளி

ஜொகூர் நீரிணையின் இரு கரையிலும் தமிழர் பணத்துக்கு வழங்கும் பெயர் ஒன்றே, அது வெள்ளி. வட கரையில் அது மலேசிய ரிங்கிட்டைக் குறிக்கும். தென் கரையில் சிங்கப்பூர் டாலரைக் குறிக்கும். சொல் ஒன்றாயினும் மதிப்பு ஒன்றன்று. இவ்வேறுபாடு என்று பிறந்தது, ஏன் வளர்ந்தது என்பதை ஈண்டுக் காண்போம்.

ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளிக் காசுகள் முன்னாளில் இவ்வட்டாரத்தில் பெருக வழங்கின. உலோகத்தின் பெயர் காசுக்கு ஆகிவந்தமையால் தமிழில் ‘வெள்ளி’ தோன்றிற்று. ‘ரிங்கிட்’ என்னும் மலாய்ச் சொல்லோ அக்காசின் பல்போன்ற விளிம்பைக் குறித்தது. தமிழர் உலோகத்தைக் கண்டனர்; மலாய் மக்கள் விளிம்பைக் கண்டனர்; காசு ஒன்றே.

1906இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் டாலர், பிரிட்டிஷ் நாணயத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று உறுதி செய்யப்பட்டது. அஃதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன். பின்னர் மலாயா டாலர், மலாயா-பிரிட்டிஷ் போர்னியோ டாலர் எனத் தாளின் பெயர் மாறிய போதும் இந்த விகிதம் மாறவில்லை. ஆகவே, 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்தவர் காசை மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.

1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. பொது நாணயத்தைத் தொடர்வது பற்றிய பேச்சு பயனளிக்கவில்லை. 1967 ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் நாணயத்தை வெளியிட்டன. எனினும் ஒன்றுக்கு ஒன்று என்ற சம மதிப்பில் அவை மாற்றிக்கொள்ளப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. புதிய வெள்ளி அதனுடன் இறங்கவில்லை; பழைய தாளோ இறங்கிற்று. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய நாணயத்தில் 85 காசே கிடைத்தது. பழைய தாளைச் சேமித்து வைத்திருந்த எளியவர்க்கு இது பேரிழப்பாயிற்று.

1973 மே மாதத்தில் மலேசியா சம மாற்று உடன்பாட்டினின்றும் விலகியது. அடுத்த மாதமே இரு நாடுகளும் தத்தம் நாணயத்தின் விலையைச் சந்தையின் போக்கிற்கு விட்டன. பிரிவு முதலில் சிறிதாகவே இருந்தது. 1980இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 1.02 ரிங்கிட், 1990இல் ஏறத்தாழ 1.49. 1998 செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என ரிங்கிட் நிலைநிறுத்தப்பட்டது; 2005 வரை நீடித்த அக்கட்டுக்காலத்தில் மாற்று விகிதம் 2க்கு மேல் நின்றது. 2015இல் அது 3ஐத் தொட்டது. 2024 தொடக்கத்தில் 3.50ஐக் கடந்து, பின்னர் ஓரளவு தணிந்தது.

காரணம் யாது? சிங்கப்பூர் தனக்கு வேண்டும் பொருள்களில் பெரும்பாலானவற்றை இறக்குமதி செய்வது. நாணயம் வலுத்தால் இறக்குமதி விலை அடங்கும். ஆதலால் 1981 முதல் அந்நாடு வட்டியைக் காட்டிலும் மாற்று விகிதத்தையே கருவியாகக் கொண்டுள்ளது. மலேசியாவோ எண்ணெய், செம்பனை முதலியவற்றை ஏற்றுமதி செய்வது. அவற்றின் விலையும் அயல்நாட்டு முதலீட்டின் வரவும் போக்கும் ரிங்கிட்டை அசைக்கின்றன. 1973இல் விலகாத புருணையின் டாலர் இன்றும் சிங்கப்பூர் டாலருக்குச் சமமாகவே வழங்குகிறது. ஆகவே இவ்வேறுபாடு விதியன்று, கொள்கையின் விளைவாகும்.

இதன் பயன் ஜொகூர் மக்களுக்கு இருவகைப்படும். தென் கரையில் உழைத்து வட கரையில் செலவிடுபவர்க்கு ஊதியம் பெருகுகிறது. ரிங்கிட்டில் ஊதியம் பெறுபவரோ, அயலார் வாங்கும் ஆற்றலால் உயரும் விலையைத் தாமும் கொடுக்க நேர்கிறது. ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களுக்கு ‘ஆயிரம் வெள்ளி’ என்பது இரு வேறு பொருள் தருகிறது.

தமிழாசிரியர் நினைவில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பழைய கதையிலோ, கடிதத்திலோ, கடன் பத்திரத்திலோ ‘வெள்ளி’ என வருமாயின், எந்த ஆண்டின் வெள்ளி, எக்கரையின் வெள்ளி என்று கேட்டல் வேண்டும். 1973க்கு முன் எழுதிய நூறு வெள்ளிக்கு அக்கேள்வியில் கரை தேவையில்லை. அதற்குப் பின் எழுதிய நூறு வெள்ளிக்குக் கரை தெரியாமல் பொருள் விளங்காது.