துண்டு ஷீட்டில் ஒரு தொழில்

நமுனுகுல பக்கம் கடை வைத்திருப்பவர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், முதலில் லொறிக் கூலிக் கணக்கைத்தான் சொல்வார். கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயில் பாதையில் மட்டும் 292 கிலோமீற்றர். அதன் பிறகு மலை வீதி. பாரமான சரக்கு வந்து சேர்வதற்குள் இலாபத்தில் ஒரு பங்கு டீசலாகக் கரைந்துவிடுகிறது. ஆகவே எமது பகுதிக்கு ஏற்ற உற்பத்தி எது என்று கேட்டால், பாரம் குறைந்ததும் கைவேலை கூடியதுமான பொருள் என்பேன். அப்படியான ஒன்றை இவ்வாரம் பார்ப்போம். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, மாதிரி வாகனங்களுக்கு உதிரிப்பாகங்கள் செய்யும் தொழில் அது.

விளையாட்டுச் சாமான்தானே என்று சிரிக்க வேண்டாம். ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் தமியா நிறுவனம் 1946இல் மரம் அரியும் ஆலையாகத்தான் தொடங்கியது. அடுத்த வருடமே மரத்தில் மாதிரிகள் செய்யும் பிரிவைத் திறந்தார்கள். பிறகு கட்டட மர வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். 1960இல் யமாட்டோ போர்க்கப்பலை முதல் பிளாஸ்டிக் மாதிரியாக வெளியிட்டார்கள். மரக்காலை வைத்திருக்கும் எமது சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று அதே நிறுவனம் வெறும் பிளாஸ்டிக் ஷீட்டையும் பாக்கெட்டில் போட்டு விற்கிறது. பெட்டியில் இல்லாத பாகத்தை வாங்கியவரே வெட்டிச் செய்துகொள்ளத்தான் அது.

எமக்கு எங்கே இடம்?

பெரிய நிறுவனங்கள் இரும்பு அச்சுக்குப் பெருந்தொகை செலவிடுகின்றன. அதனால் இலட்சக்கணக்கில் விற்கும் பொருளை மட்டுமே செய்வார்கள். கொழுந்து லொறியின் பக்கச் சட்டம், இ.போ.ச. பஸ்ஸின் பெயர்ப்பலகை, கூரைக் கரியர், பின்பக்க ஏணி, முச்சக்கர வண்டியின் கூரை ஆகியவற்றை அவர்கள் தேடி வந்து செய்யப் போவதில்லை. தோட்டத்து இளைஞனோ இவற்றைத் தினமும் பார்க்கிறான். வெளிநாட்டில் வாழும் எம்மவர்கள், மாதிரி பஸ் சேகரிப்பவர்கள், பக்கத்து எல்ல நகருக்கு வரும் உல்லாசப் பயணிகள் என்று வாங்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள்.

பொருளும் வேலையும்

இதற்கு ஏற்றது பொலிஸ்டைரீன் ஷீட். குளிர்சாதனப் பெட்டிகளின் உட்பக்க வெள்ளைத் தகட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது இவ்வகைப் பிளாஸ்டிக்தான். யோகட் கோப்பையின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற இலக்கம் இருந்தால் அதுவும் இதே இனம். கால், அரை, ஒரு மில்லிமீற்றர் தடிப்புகள் போதும். பெயர்ப்பலகைக் கடைகளில் மிஞ்சும் பி.வி.சி. ஃபோம் ஷீட்டும் உதவும். கேரளத்து இளைஞர்கள் அதில் அழகான பஸ்களே செய்கிறார்கள்.

ஷீட்டை முழுதாக அறுக்கத் தேவையில்லை. இரும்பு அடிமட்டத்தை வைத்துக் கத்தியால் இரண்டு முறை கீறி மடித்தால் நேராக உடையும். கரைப்பான் பசையைத் தூரிகையால் தொட்டு வைத்தால் இடுக்கில் தானாக ஓடி, இரு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கும். தகட்டின் பின்புறம் மழுங்கிய ஊசியால் அழுத்தினால் முன்புறம் ரிவட் தலைகள் எழும். பசையின் ஆவி கெடுதியானது. யன்னல் இல்லாத லயன் அறையிலோ பிள்ளைகள் படுக்கும் இடத்திலோ இவ்வேலை வேண்டாம்.

அளவில் விட்டால் எல்லாம் போயிற்று. 24இல் ஒன்று என்ற அளவில் 11 மீற்றர் பஸ் 46 சென்ரிமீற்றராகும். அங்கே ஒரு மில்லிமீற்றர் பிசகு உண்மை வாகனத்தில் 24 மில்லிமீற்றர். 76இல் ஒன்று என்றால் அதே பிசகு 76 மில்லிமீற்றர். வாங்குபவர் அடிமட்டத்தோடு இருப்பவர் என்பதை மறக்க வேண்டாம். எந்த அளவுக்கு உரிய பாகம் என்பதைப் பாக்கெட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

விலைக் கணக்கு

என் கடைக்குத் துண்டு ஷீட் கேட்டுத் தோட்டத்துப் பையன்கள் வருவதுண்டு. அவர்களில் ஒருவன் செய்த கொழுந்து லொறியைப் பார்த்து அசந்துபோனேன். 30 மணித்தியால வேலை. பொருட்செலவு 400 ரூபா. 3,000 ரூபாவுக்கு விற்றதாகப் பெருமையோடு சொன்னான். கணக்குப் போட்டால் மணிக்கு 87 ரூபாவும் இல்லை. 2024இல் நிர்ணயித்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 169 ரூபா வரும். கொழுந்து பறிக்கும் அவனது தாயின் கூலியில் ஏறத்தாழ பாதிக்குத்தான் அந்தக் கைத்திறன் விலைபோயிருக்கிறது. இப்படியே போனால் அவனும் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவான்.

வழி என்ன? முழு வாகனத்தை ஒவ்வொன்றாகச் செய்து விற்பதை விட்டு, பாகங்களை விற்க வேண்டும். ஏணியோ கரியரோ ஒன்றை மட்டும் ஷீட்டில் மிகத் துல்லியமாகச் செய்து, அதைச் சிலிக்கன் ரப்பரில் அச்செடுத்து, ரெசின் ஊற்றினால் ஒரு வேலைக்குப் பல பிரதிகள் கிடைக்கும். அச்சு கிழிந்தால் மூலம் கையில் இருக்கும். ஒரு கடித உறைக்குள் பத்து ஏணிகள் போகும். லொறிக் கூலி இல்லை.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் தட்டையான பலகைக்கும் சட்டத்துக்கும் ஷீட்டே இலகு. இயந்திரக் கடனும் இல்லை.

முதல் போடுபவர்களுக்கு இரண்டு விடயங்கள். ஒன்று, வாகன நிறுவனங்களின் சின்னத்தை அனுமதியின்றிப் பதித்து விற்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. மற்றது, ரெசினும் சிலிக்கனும் இறக்குமதிச் சரக்கு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது பட்ட பாடு எமக்குத் தெரியும். ஆகவே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விலையை டொலரிலேயே சொல்லுங்கள்.

பெருமுதல் கேட்காத தொழில் இது. கத்தியும் அடிமட்டமும் பையனிடம் இருக்கின்றன. அவனிடம் இல்லாதவை விலை போடத் தெரிவதும், வாங்குபவரின் முகவரியும். அவையிரண்டும் வியாபாரிகளான எம்மிடம் இருக்கின்றன. அப்படி ஒரு பையன் உங்கள் கடைக்கும் வந்தால், துண்டு ஷீட்டோடு அனுப்பிவிடாமல் அரைமணி நேரம் உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.