லால்பேட்டைக்காரர்களே, இதெல்லாம் தெரியுமா?

லால்பேட்டைப் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டால், அவர் உயிரைக் காப்பாற்றும் ஊசி மருந்து எங்கே தொடங்குகிறது தெரியுமா? சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், வாயைத் துணியால் கட்டி வைத்த ஒரு மண்பானையில்!

பானைக்குள் இருப்பது உயிருள்ள பாம்பு. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் இடம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் இருளர்கள் வயலில் பிடித்துவந்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விட்ட பாம்பையே மறுபடி பிடித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த அடையாளம்! எடுத்த விஷம் உறைந்து பொடியாகி மருந்து நிறுவனத்துக்குப் போகிறது. அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்தான் நம் ஊர் அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும் விஷமுறிவு மருந்து. நாடு முழுவதும் இந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு இந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

இன்னொன்று கேளுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது காலராவைப் போல, பாம்புக்கடிக்கு வரும் ஒவ்வொருவரைப் பற்றியும் தனியார் மருத்துவமனையும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். எந்த ஊரில் கடி அதிகம் என்று தெரிந்தால்தானே அங்கே மருந்தைக் கூடுதலாக இருப்பு வைக்க முடியும்? இதற்குக் கைகொடுத்த சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1939-ல்! வெள்ளைக்காரன் காலத்து சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம். நாட்டிலேயே அந்த வகையில் அதுதான் முதல் சட்டம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அட்டையை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறோம். அது எத்தனை படி தாண்டி வருகிறது தெரியுமா? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு, மொத்தமாக, மலிவாக வாங்குகிறார்கள். மாவட்டக் கிடங்குக்கு வந்த சரக்கை அப்படியே அனுப்பிவிட மாட்டார்கள். மாதிரி எடுத்து, யார் தயாரித்தது என்பது தெரியாதபடி மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக் உண்டு. அதில் வரவு வைத்த தொகை அளவுக்கு டாக்டரே தேவையான மருந்தைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ராஜஸ்தானும் கேரளமும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. இலவச மாத்திரையில் என்ன இருக்கப்போகிறது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பிரசவத்தில் நடந்திருப்பது இதைவிடப் பெரிது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான்! வீட்டில் மருத்துவச்சியை நம்பி உயிரைக் கையில் பிடித்திருந்த பாட்டிமார்களின் பேத்திகள் இவர்கள். சுகாதார நிலையத்தில் ராத்திரி பகலாக நர்ஸ் இருக்க வேண்டும் என்று மூன்று பேரை முறைவைத்துப் போட்டது பெரிய திருப்பம். கர்ப்பிணிகளை வரவழைக்கச் சுகாதார நிலையத்திலேயே வளைகாப்பு நடத்திய மாநிலம் இது. கிராம சுகாதார நர்ஸிடம் பதிந்து வாங்கும் பிக்மி எண் இருக்கிறதே, நாளைக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். பேறுகால உதவி 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, இப்போது 18,000. அதில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடக்கம். இந்த உதவிக்குப் பெயர் தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர்.

சின்ன வயது டாக்டர் பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்கு ஏன் வர வேண்டும்? இதற்குத் தமிழ்நாடு கண்டுபிடித்த விடை அபாரமானது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மாநில ஒதுக்கீட்டுப் பட்ட மேற்படிப்பு இடங்களில் பாதி! கிராமத்தில் உழைத்துவிட்டு, ஸ்பெஷலிஸ்டாகித் திரும்ப அரசு மருத்துவமனைக்கே வருவார். இடையில் மறிக்கப்பட்ட இந்த ஒதுக்கீட்டைத் தரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிராம மருத்துவத்துக்கு இதைவிட முக்கியமான தீர்ப்பு அண்மையில் வரவில்லை என்பது என் எண்ணம்.

பெரிய வைத்தியம் என்றால் நமக்குச் சிதம்பரம். 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அரசுக் கல்லூரியானது எப்படித் தெரியுமா? 2013-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசே எடுத்துக்கொண்ட பிறகும் மாணவர்களிடம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் கட்டணம். மற்ற அரசுக் கல்லூரிகளிலோ சில ஆயிரங்கள்தான். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியானது. பிள்ளைகள் கட்டணத்துக்காகப் போராடியதில் மாவட்டத்துக்கே ஓர் அரசுப் பெரிய ஆஸ்பத்திரி கிடைத்தது!

சாலை விபத்தா? 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலம், எந்த நாடு என்றுகூடக் கேட்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தாலும் அந்தக் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேர்வதால், அங்கே கருவி வாங்கவும் உதவுகிறது. ஆனால் அட்டை இல்லாமல் ஐ.சி.யூ. வாசலில் நின்று அலைமோதும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய் இப்போதே பதிந்துவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே!

முதலில் சொன்ன பாம்புக்கே திரும்புவோம். கடித்தால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

துபாயிலும் சவூதியிலும் இருந்து இதைப் படிக்கிற லால்பேட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கி, 2024-ல் ஐ.நா. விருது வாங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இன்று ராத்திரி போன் பேசும்போது, உம்மாவின் பெயர் அதில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 104-க்குப் போன் போட்டு விவரம் கேட்கச் சொல்லுங்கள்.