கச்சேரிக் கட்டிடங்களும் மின்சாரக் கணக்கும்

2019-ம் வருஷம் நவம்பர் மாதம் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. ஜில்லா புதிதாயின் அதற்குரிய கட்டிடங்களும் புதியனவாகவே எழும்பும். சர்க்கார் வைத்தியக் கல்லூரி, ராஜ்யத்தின் வேறு பத்துக் கல்லூரிகளுடன் 2022-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி திறந்துவைக்கப்பெற்றது. வீரசோழபுரத்தில் கலெக்டர் கச்சேரி கட்டுவதென நிச்சயித்தபோது, கோயில் நிலம் குறித்த வழக்கு ஐகோர்ட்டு வரையில் சென்றது. நிலம் யாருக்குரியது, அதை எவ்விதம் கொடுக்கலாம் என்பன விசாரிக்கப்பட வேண்டிய விஷயங்களே. ஆனால் அங்கே எழும்பும் மாளிகை வருஷந்தோறும் எத்தனை யூனிட் மின்சாரத்தை விழுங்கும் என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

இக்கேள்வியைக் கேட்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2001-ம் வருஷத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 500 கிலோவாட் இணைப்புள்ள பெருங்கட்டிடங்களையே கருதிற்று. 2010-ம் வருஷத்துத் திருத்தம் அவ்வெல்லையை 100 கிலோவாட்டாக இறக்கிற்று. 2022-ம் வருஷத்துத் திருத்தமோ, அதனினும் தாழ்ந்த எல்லையை விதித்துக்கொள்ள ராஜ்ய சர்க்கார்களுக்கே அதிகாரம் அளித்தது. இவையெல்லாம் பெரும்பாலும் கட்டும்போது கவனிக்க வேண்டிய விதிகள். கட்டி முடிந்து ஜனங்கள் புழங்கும் கட்டிடத்திற்கு அத்தாட்சிப் பத்திரம் வழங்கும் முறையை மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2009-ல் ஏற்படுத்தியது. அதுவோ இஷ்டமுள்ளோர் பெற்றுக்கொள்ளும் பத்திரம். இஷ்டமில்லாதோரை எவரும் வற்புறுத்துவதில்லை.

பத்திரத்தின் கணக்கு எளிது. வருஷத்தில் செலவான யூனிட்டுகளைக் கட்டிடத்தின் சதுர மீட்டர்ப் பரப்பினால் வகுக்க வேண்டும். உதாரணமாக 2,000 சதுர மீட்டர்க் கச்சேரி ஒன்று 3,20,000 யூனிட் செலவழித்தால் ஈவு 160. வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களுக்கென 2009-ல் வகுத்த அட்டவணையின்படி, பாதிக்கு மேல் குளிர்சாதனம் பொருத்திய அலுவலகத்திற்கு இது இரண்டு நக்ஷத்திரம். 100-க்குக் கீழே இறங்கினால்தான் ஐந்து.

இறங்குவது அசாத்தியமன்று. மேற்கு வெயிலை நேரே வாங்கும் கண்ணாடிச் சுவரை விலக்கி, மேல்தளத்திற்கு வெண்பூச்சு இட்டு, ஜன்னலுக்குமேல் அகன்ற மறைப்பு வைத்தாலே குளிர்சாதனத்தின் பாரம் குறையும். ஆனால் யார் செய்வர்? கட்டுவது மராமத்து இலாகா; மின்சார ரசீதைக் கட்டுவது வேறோர் இலாகா; உள்ளே குளிர்ச்சியாக அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தர் இரண்டிற்கும் பொறுப்பாளியல்லர். வாடகைக் கட்டிடங்களிலும் இதே கதைதான்: சொந்தக்காரர் மலிவாகக் கட்டுகிறார், குடியிருப்பவர் ரசீதுக்குப் பணம் கட்டுகிறார். நாம் வக்கீல் தொழிலின் நிமித்தம் சென்ற கச்சேரி ஒன்றில், நடுப்பகலில் திரைகளை இழுத்து மூடிவிட்டு விளக்குகளை எரித்துக்கொண்டிருந்தனர். காரணம் வினவியதற்கு, வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது என்று விடை வந்தது!

கல்வராயன் மலையை நினைக்குங்கால் இந்த அட்டவணையின் பெருங்குறை ஒன்று புலப்படும். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் மாத்திரமே உள்ளனவென்று வைத்துக்கொள்வோம். அதன் ஈவு மிகச் சிறியதாயிருக்கும். இந்த அளவுகோலை அப்படியே அங்கும் வைத்தால் ஐந்து நக்ஷத்திரமும் அதற்கே! இருளில் படிக்கும் குழந்தையைச் சிக்கனத்தின் சிகரமாக்கும் கணக்கு நமக்கு வேண்டாம். மலைவாசிகளின் வாழ்க்கை நிலையை 2024-ம் வருஷத்தில் சென்னை ஐகோர்ட்டு தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொள்ள நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகையால், செலவான யூனிட்டுடன் எத்தனை பேருக்கு எவ்வளவு வெளிச்சமும் காற்றும் கிடைத்தன என்பதும் பத்திரத்தில் காணப்பட வேண்டும். கச்சேரியில் மிச்சமாகும் யூனிட்டின் பணம் வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகுமாயின், அதுவே நாம் கோரும் சிக்கனம். மலையாளிகளின் பழைய மண்சுவர் வீடுகளும் புல்வேய்ந்த கூரைகளும் வெயிலைத் தடுக்கும் வித்தையை நமது எஞ்சினீயர்கள் ஒரு நாள் ஏறிப்போய்ப் பார்த்து வரலாம்.

இங்கிலாந்தில் 2008-ம் வருஷம் அக்டோபர் முதல், ஜனங்கள் வந்துபோகும் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பொதுக் கட்டிடங்கள் தம் மின்சார, எரிபொருள் செலவின் தரத்தை வாசலில் மாட்ட வேண்டுமென்று விதித்தனர். 2013-ல் எல்லை 500 ஆயிற்று, 2015-ல் 250. வரி கொடுப்பவன் உள்ளே நுழையும்போதே பார்க்கிறான். நமது பத்திரமோ இஷ்டப்பட்டவர் பெற்று, இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்வது.

ராஜ்ய சர்க்கார் 100 கிலோவாட் எல்லையைத் தாழ்த்தட்டும்; அதற்குக் காலம் பிடிக்கலாம். கள்ளக்குறிச்சி ஜில்லா அதிகாரிகள் அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மின்சார ரசீதுகள் ஒவ்வொரு கச்சேரியிலும் இருக்கின்றன. கட்டிடத்தின் பரப்பு மராமத்து இலாகாவின் ஏட்டில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்து, வந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டுவது ஒரு குமாஸ்தாவுக்கு அரை நாள் வேலை.