மதர்போர்டை மாத்தலாமா... வேணாமா?

டெஸ்க்டாப்பை ஆன் பண்ணிட்டு, டீ போட்டுக் குடிச்சிட்டு வந்து உட்கார்ற ஆளா நீங்க? அப்படின்னா ‘போர்டு பழசு, மாத்திடுங்க’ன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. தலையாட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்குப் போடுங்க பாஸ்!

மதர்போர்டு தனியா வராது, குடும்பத்தோடதான் வரும். வீடுகள்ல இன்னமும் மூச்சைப் பிடிச்சு ஓடிக்கிட்டிருக்கிற ஹெச்61 போர்டையே எடுத்துக்குங்க. இன்டெலின் 1155 சாக்கெட். 2011, 2012-ல் வந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசஸர்கள்தான் அதில் உட்காரும். ராம், டிடிஆர்3. இன்றைய போர்டில் அந்த பிராசஸரும் பொருந்தாது, அந்த ராமும் நுழையாது. ஒண்ணு மாத்தப் போய் மூணு! அதிலும் 2025 கடைசியில் ராம் விலை எகிறின எகிறுக்கு, அதுக்கு மட்டும் அப்பாகிட்ட தனி மனு போடணும்.

முதல்ல, நிஜமாவே போர்டுதான் குற்றவாளியா? டாஸ்க் மேனேஜரைத் திறங்க. டிஸ்க் 100 சதவிகிதத்திலேயே நிக்குதா? அப்போ பழைய ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். சுத்துற தட்டுல, ஒரு முள் இங்கேயும் அங்கேயும் ஓடி ஃபைலைப் பொறுக்கணும். எஸ்எஸ்டி-யில் அந்த ஓட்டமே கிடையாது. ‘ஹெச்61-ல் இருக்கறது பழைய சாட்டா-2 ஆச்சே, பாதி வேகம்தானே’ன்னு சில அறிவாளி நண்பர்கள் சொல்வாங்க. விடுங்க. விண்டோஸ் திறக்கும்போது படிக்கிறதெல்லாம் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் துண்டுகள். அங்கே கேபிளோட உச்ச வேகத்துக்குப் பெரிசா வேலையில்லை. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி-ன்னு கேட்டு வாங்குங்க. நாளைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் அது கூடவே வரும். டிடிஆர்3 ராம் வராது. அதனால அதைப் புதுசா வாங்காம, செகண்ட் ஹேண்ட்ல பார்க்கலாம்.

தினமும் தேதியும் நேரமும் தப்பாக் காட்டுதா? அது சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்த கதை. அதுக்குப் போய் போர்டைத் தூக்கிப் போட்டா பாவம்!

கெபாசிட்டர் தலை வீங்கியிருந்தா, எஸ்எம்பிஎஸ்ஸையும் ராமையும் மாத்திப் பார்த்தும் தானா ரீஸ்டார்ட் ஆனா, போர்டு போயிடுச்சுன்னு சந்தேகப்படலாம். அப்பவும் பிராசஸர் நல்லா இருந்தா, ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே சாக்கெட் போர்டு தேடுறது மூணையும் வாங்குறதை விட மலிவு.

ஆனா ஒரு விஷயத்துல இந்தச் சிக்கனம் எடுபடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா டிபிஎம் 2.0-வும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேணும். உங்க புராஜெக்ட் பைத்தான், சி-யோட நின்னா லினக்ஸ் போட்டு ஜாலியா ஓட்டுங்க. சாலிட்வொர்க்ஸ் கேட்கிற மெக்கானிக்கல் மக்களே... நீங்க வீட்ல பேச்சுவார்த்தையை ஆரம்பிச்சிடுங்க!

ஏஎம்டி-யின் ஏஎம்4 போர்டு வெச்சிருக்கவங்க அதிர்ஷ்டசாலிங்க. 2017-ல் வந்த போர்டுகள்ல பலதுக்கு 2022-ல் வந்த பயாஸ் அப்டேட்டைப் போட்டா ரைசன் 5000 வரிசையே ஓடும். பிராசஸரை மட்டும் மாத்தினாப் போதும். இன்டெல்ல அந்தக் கருணை இல்லை. ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் நம்பர் அதே 1151தான், ஆனா இதுக்கு வந்த போர்டில் அது ஓடாது. அதனால கடையில சாக்கெட் நம்பரை மட்டும் சொல்லாதீங்க, போர்டு மாடலையும் எழுதி எடுத்துட்டுப் போங்க.