ஊற்று நீரில் ஒதுங்கும் மானட்டீ

நீரிலே பிறந்து நீரிலே வாழ்ந்தும் மீனினத்தைச் சேராத உயிர்கள் சில உண்டு. திமிங்கிலம் அவற்றுள் ஒன்று, மானட்டீ மற்றொன்று. மலேசிய, சிங்கப்பூர்க் கடலோரங்களில் வாழும் கடற்பசுவுக்கு இது நெருங்கிய உறவாகும். கடற்பசுவை மலாய் மக்கள் டூயோங் என்பர். பாக்கு நீரிணைப் பக்கத்துத் தமிழ் மீனவர் ஆவுளியா என்பர். இரண்டையும் பிரித்தறிய வாலைப் பார்த்தாலே போதும். கடற்பசுவின் வால் திமிங்கிலத்தின் வாலைப் போலப் பிளவுபட்டிருக்கும். மானட்டீயின் வாலோ துடுப்பைப் போல அகன்று வட்டமாக இருக்கும்.

இவ்விரண்டுக்கும் நிலத்தில் வாழும் நெருங்கிய உறவினம் யானை என்றால் சிலர் வியப்படையலாம். புளோரிடா மானட்டீயின் முன்துடுப்பு நுனியில் யானைக்கு இருப்பது போன்ற நகங்களை இன்றும் காணலாம். வளர்ந்த விலங்கு ஏறத்தாழ 10 அடி நீளமும் 1,000 இராத்தல் எடையும் உடையது. இத்துணைப் பெரிய உடம்பை நீர்த்தாவரங்களை மேய்ந்தே வளர்க்கிறது. பிற உயிர்களை வேட்டையாடும் குணம் அதற்கு இல்லை.

மானட்டீயை அதன் இருப்பிடத்திலேயே காண விரும்புவோர் குழுக் குழுவாகச் செல்லும் ஊர், அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்து மேற்குக் கரையில் உள்ள கிறிஸ்டல் ரிவர் ஆகும். அங்குள்ள கிங்ஸ் பே என்னும் நீர்நிலையின் அடியில் பல ஊற்றுகள் சுரக்கின்றன. கோடையிலும் குளிரிலும் ஊற்று நீரின் வெப்பம் ஏறத்தாழ 22 பாகை செல்சியசாகவே இருக்கும். குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் நீர் குளிரத் தொடங்கியதும், மானட்டீகள் நூற்றுக்கணக்கில் இங்கு வந்து ஒதுங்குகின்றன.

பருத்த உடம்பைக் கண்டு, குளிரைத் தாங்கக் கொழுப்பு மிகுதியாக உண்டென எண்ணுதல் தவறு. திமிங்கிலத்துக்கு உள்ளது போன்ற தடித்த கொழுப்புப் போர்வை மானட்டீக்கு இல்லை. அதன் உடல் உண்டாக்கும் வெப்பமும் மிகக் குறைவு. நீரின் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்கி அந்நிலையில் நீடித்தால் அது நோயுற்று, உணவு மறந்து, மெலிந்து மடியும். 2010-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் புளோரிடாவில் 200-க்கும் மேற்பட்ட மானட்டீகள் இவ்வாறு மாண்டன. ஆகவே அவ்வூற்று நமக்கு வேடிக்கை பார்க்கும் இடமாகத் தோன்றினும், மானட்டீக்கு உயிர் காக்கும் அடுப்பங்கரை போன்றது.

இவ்வுண்மையை அறிந்தால், காணச் செல்லும் குழுவினருக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளின் பொருள் தானே விளங்கும். ஸ்கூபா என்னும் காற்றுக்கலத்தைச் சுமந்து ஆழ்கடலில் மூழ்கிப் பழகியவர்களும் இங்கே அதனைக் கரையில் விட்டுவிடுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். நீர் ஆழமற்றது என்பது மட்டும் காரணம் அன்று. கலத்தின் வழியே மூச்சு விடும்போது கொப்புளங்கள் ஓசையுடன் எழுகின்றன. அவ்வோசை உறங்கும் விலங்கை மிரளச் செய்யும். ஆதலால் முகக்கண்ணாடியும் மூச்சுக் குழலும் மட்டும் அணிந்து நீரின் மேற்பரப்பில் அசையாது மிதப்பதே முறையாகும். மிதப்பதற்கும் குளிர் தாங்குவதற்கும் இரப்பர் உடை தரப்படும். மனிதனுக்கு அந்த உடை செய்யும் உதவியை மானட்டீக்கு அவ்வூற்று செய்கிறது.

துரத்துதல், தாய்க்கும் குட்டிக்கும் இடையே நுழைதல், உறங்குவதை எழுப்புதல் ஆகியவை கூடாதன. உறங்கும் மானட்டீ நீரடியில் கிடந்து, மூச்சுக்காக அவ்வப்போது மேலே வந்து மீண்டும் அமிழும். அடிக்கடி தொல்லைப்பட்டால் அது ஊற்றை விட்டு வெளியே குளிர்ந்த நீருக்குச் சென்றுவிடக்கூடும். விளையாட்டாகத் துரத்துபவர் அதனை எமனிடம் துரத்துவதாகவே முடியலாம். இதனால் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை சில பகுதிகள் கயிறும் மிதவையும் இட்டு அடைக்கப்படுகின்றன. அவற்றினுள் மனிதர் நுழையலாகாது.

ஆயினும் குளிர் ஒன்றே அதற்குப் பகையன்று. 1960-களின் இறுதியில் இங்கு மானட்டீகளை ஆராய்ந்த டேனியல் ஹார்ட்மன் என்னும் அறிஞர், அவற்றின் முதுகிலுள்ள தழும்புகளைக் கொண்டே ஒன்றை மற்றொன்றிலிருந்து அடையாளம் கண்டார். அத்தழும்புகள் பல விசைப்படகுகளின் சுழலிகள் வெட்டியவை. 2017-இல் அமெரிக்க அரசு மானட்டீயை அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்து, ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலுக்கு மாற்றியது. நிலை சீரடைந்தது எனப் பலர் மகிழ்ந்தனர். ஆனால் 2021-இல் மட்டும் 1,000-க்கும் மேற்பட்டவை இறந்தன. கிழக்குக் கரையின் இந்தியன் ரிவர் காயலில் மாசு மிகுந்து கடற்புல் அழிந்ததால், அவற்றுள் பல பசியால் மாண்டன.

மனிதர் பார்க்கச் செல்லாதிருப்பதே நன்று என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கண்டவர் உள்ளத்தில் பிறக்கும் பரிவே காக்கும் சட்டங்களுக்குத் துணையாகிறது என்பதும் மறுக்க முடியாதது. இதே இனத்தைச் சார்ந்த ஸ்டெல்லர் கடற்பசுவை வடபசிபிக் பகுதியில் 1741-இல் ஓர் இயற்கை நூலறிஞர் கண்டு எழுதினார். இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு, 30 ஆண்டுகளுக்குள் அது உலகை விட்டே மறைந்தது. கண்டவர் பலர் இருந்தும், காத்தவர் ஒருவரும் இல்லை.

அசையாது மிதப்பவரிடம் சில வேளைகளில் மானட்டீ தானாகவே வந்து, மயிரடர்ந்த முகத்தை நீட்டி உற்றுப் பார்ப்பதுண்டு. துரத்திச் சென்றவர் காண்பது விலகிப் போகும் வாலை மட்டுமே. பிறர் இல்லம் செல்லும் விருந்தினர் குரலடக்கி நடப்பது நம்மவர் அறிந்த பண்பு. ஊற்று நீரில் இறங்குவோர்க்கும் அதுவே போதிய வழிகாட்டியாகும்.