ஒண்ணுக்கு ரெண்டா கொடுத்தா அடங்குமா? புரோஸ்டேட் புற்றுநோயுடன் ஜோடி மருந்து பலப்பரீட்சை!

அமெரிக்காவில் ஹூஸ்டன், டெட்ராய்ட் நகரங்களில் உள்ள இரண்டு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் 160 ஆண்களை வைத்து ஒரு பலப்பரீட்சை நடந்தது. ஒரு பக்கம் ஒற்றை மருந்து. இன்னொரு பக்கம் ஜோடி மருந்து. எதிரியோ, ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் உடம்பில் பரவிவிட்ட புரோஸ்டேட் புற்றுநோய்.

ஜெயித்தது யார்? 2019-ல் முடிவு வெளியானது. ஜோடிதான் ஜெயித்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் அல்ல!

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு அடியில் பெரிய நெல்லிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதில் புற்று வந்தால் அதற்குத் தீனி போடுவது ஆண் ஹார்மோன். இதை 1941-ல் எடுத்துக்காட்டியவர் சிகாகோ டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

தீனியை நிறுத்தினால் புற்று சுருங்கும். ஆனால் பரவிவிட்ட நோயில் அது நிரந்தரம் அல்ல. கொஞ்ச காலம் போனதும் தீனி இல்லாமலே வளரப் பழகிக்கொள்ளும். பலே கில்லாடி!

உள்ளே ஒரு பம்ப்

அதற்கு அடுத்த ஆயுதம் கீமோ ஊசி. டோசிடாக்செல் என்ற மருந்து ஆயுளை நீட்டிக்கிறது என்று 2004-ல் நிரூபணம் ஆனது. செல் இரண்டாகப் பிரிய விடாமல் தடுத்துக் கொல்வது இதன் வேலை.

புற்று செல் சும்மா இருக்குமா? மழைக்காலத்தில் கடைக்குள் புகுந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கிறோம் இல்லையா? அதே கதைதான். சில செல்கள் தங்கள் சுவரில் உள்ள பம்ப் மூலம் உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. ஊசி ஏறும். நோய் அசையாது.

இந்த பம்பிடம் எளிதில் சிக்காத மருந்தைத் தேடினார்கள். கிடைத்தது கபாசிடாக்செல். யூ என்ற மரத்தின் இலையில் இருந்து எடுக்கும் பொருளை வைத்துத் தயாராவது. டோசிடாக்செல் கைவிட்ட 755 பேரிடம் சோதித்தார்கள். பழைய மருந்து போட்டவர்கள் 12.7 மாதம், இதைப் போட்டவர்கள் 15.1 மாதம். 2010-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

(இந்த மாதக் கணக்கை எல்லோருக்கும் பொருந்தும் கெடு என்று நினைத்துவிடக்கூடாது. நோயாளிகளை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு இது. அவரைவிட முன்னால் போனவரும் உண்டு. பல மாதம் கூடுதலாக இருந்தவரும் உண்டு.)

ஜோடி சேர்ந்த பிளாட்டினம்

கபாசிடாக்செல்லுக்கு ஜோடியாக டாக்டர்கள் பிடித்தது கார்போபிளாட்டின். நகைக்கடையில் மோதிரமாக மின்னுகிறதே, அதே பிளாட்டினம்தான் இதன் மூலக்கூறிலும் இருக்கிறது!

பிளாட்டினம் மருந்தானதே தற்செயல். 1960-களில் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி, பாக்டீரியாக்களுக்கு நடுவில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். அவை பிரிவதையே நிறுத்திவிட்டன. காரணம் மின்சாரம் அல்ல; பிளாட்டினம் தகட்டில் இருந்து கரைந்த பொருள். அந்த வம்சத்தில் வந்ததுதான் கார்போபிளாட்டின். செல்லின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கும்.

இரண்டு மருந்து சேர்ந்தால் இரண்டு மடங்கு பலன் என்று கணக்குப் போட்டால் தப்பு. டோசிடாக்செல்லோடு லெனலிடமைட் என்ற மாத்திரையைச் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதனை நடந்தது. 2011-ல் அதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிட்டவர்கள்தான் சீக்கிரம் இறந்தார்கள்! சோதனை என்று ஒன்று ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

சரி, 160 பேர் கதைக்கு வருவோம். இவர்களில் பலர் ஏற்கனவே டோசிடாக்செல் போட்டுக்கொண்டவர்கள். யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 79 பேருக்கு ஒற்றை மருந்து. 81 பேருக்கு ஜோடி. 21 நாளுக்கு ஒரு முறை ஊசி.

ஒற்றை மருந்து 4.5 மாதம் நோயைப் பிடித்து நிறுத்தியது. ஜோடி மருந்து 7.3 மாதம். ஏறக்குறைய மூன்று மாதம் லாபம். ஆனால் மொத்த ஆயுள் கூடியதா என்று பார்த்தால், கூடியது என்று அடித்துச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை.

உடம்பு பட்ட பாடு? கடுமையான ரத்தசோகை ஒற்றை மருந்தில் 3 பேருக்கு. ஜோடியில் 19 பேருக்கு. கடுமையான சோர்வு 7 பேருக்கு, ஜோடியில் 16. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் கடுமையாகக் குறைந்தது ஒருவருக்கு, ஜோடியில் 11. மருந்தால் யாரும் சாகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அப்படியானால் இவ்வளவு அவஸ்தை எதற்கு? எல்லோருக்கும் அல்ல என்பதுதான் விஷயம். சோதனை முடிந்த பிறகு டாக்டர்கள் நோயாளிகளை ஜீன் வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். செல் தறிகெட்டு வளராமல் காவல் காக்கும் ஜீன்கள் டி.பி.53, ஆர்.பி.1, பி.டி.இ.என். என்று மூன்று. இவற்றில் இரண்டாவது பழுதானவர்களுக்கு வருவது மகா முரட்டுப் புற்று. அவர்களிடம் ஒற்றை மருந்து 1.7 மாதத்தில் தோற்றது. ஜோடியோ 7.5 மாதம் தாக்குப்பிடித்தது. ஆயுளும் 9.9 மாதத்தில் இருந்து 17.4 மாதமாகக் கூடியது!

மற்றவர்களுக்கு ஜோடியால் தெளிவான லாபம் இல்லை. மிஞ்சியது சோர்வும் ரத்தசோகையும்தான்.

இப்படிப் பிரித்தது பின்னால் போட்ட கணக்கு, ஆட்களும் குறைவு. அதனால் டாக்டர்கள் இன்னும் ஜாக்கிரதையாகவே பேசுகிறார்கள். அமெரிக்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பு வகுத்த சிகிச்சை வழிகாட்டியிலும் இந்த ஜோடிக்கு நிபந்தனையோடுதான் இடம்: நோய் முரட்டு ரகமாக இருக்க வேண்டும், அல்லது அந்த மூன்று ஜீனில் இரண்டாவது பழுதாகியிருக்க வேண்டும். அதோடு, உடம்பும் தாங்க வேண்டும்.